தடங்கலின்றி ஏறும் தோட்டா

சுழல் கைத்துப்பாக்கியில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி அறையுண்டு. ஒன்று வெடிக்காவிடினும் விசையை மீண்டும் இழுத்தால் அடுத்தது முன்வரும். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிக்கோ பாதை ஒன்றே. அங்கே ஒன்று சிக்கினாலும் துப்பாக்கி ஊமையாகும். இத்தடையைக் கடந்த வரலாறு அறியத்தக்கது.

பழைய கருமருந்தின் கசடு பொறிகளை அடைத்தது. 1884-இல் பிரெஞ்சு அறிஞர் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டு அக்குறையைப் பெரிதும் போக்கினார். அடுக்கிலே தோட்டாக்களின் அடிவிளிம்புகள் ஒன்றோடொன்று மாட்டின. விளிம்பு துருத்தாமல், அடியைச் சுற்றிப் பள்ளம் வெட்டிய தோட்டா அதற்குத் தீர்வாயிற்று.

1911 மார்ச்சில் அமெரிக்கப் படையினர் நடத்திய சோதனையில் ஜான் பிரௌனிங் வகுத்த துப்பாக்கி 6,000 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டது. போட்டியிட்ட சாவேஜ் துப்பாக்கியோ 37 முறை தடைப்பட்டது. அம்மாதமே பிரௌனிங்கின் துப்பாக்கியைப் படை ஏற்றுக்கொண்டது. இரண்டும் சுட்டவை ஒரே அளவுத் தோட்டாக்களே. வென்றது அவற்றை ஒழுங்காக ஏற்றிய துப்பாக்கி என்க.