தெர்மாஸ் குடுவைக்குள் ஒரு தொலைநோக்கி

1800ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூல் அறிஞர், கதிரவன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் நிறம் நிறமாகப் பிரித்து, அவற்றின் வெப்பத்தை அளந்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்தில் வைத்த வெப்பமானி, மற்ற நிறங்களில் வைத்தவற்றைவிட உயர்ந்து நின்றது. அகச்சிவப்புக் கதிரை மனிதன் அறிந்தது அவ்வாறுதான்.

அக்கதிரைக் கொண்டு வானத்தைக் காண்பது எளிதன்று. வெப்பமுள்ள பொருள் யாவும் அதனை உமிழ்கின்றன. காற்று மண்டலம் உமிழ்கிறது, தொலைநோக்கியும் உமிழ்கிறது. தீவட்டியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு மின்மினியைத் தேடுவோனின் நிலைதான் வானநூலாருக்கு. ஆகவே தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பவும் வேண்டும். கடுங்குளிரில் வைக்கவும் வேண்டும்.

1983 ஜனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகள் கூடி ஏவிய ஐராஸ், பெரியதொரு தெர்மாஸ் குடுவையே. தொலைநோக்கி முழுவதையும் உள்ளே வைத்துத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தனர். பத்தே மாதத்தில் ஹீலியம் ஆவியாகித் தீர்ந்தது. நவம்பரில் அதன் பார்வை அணைந்தது.

அடுத்த அமெரிக்கத் தொலைநோக்கிக்கு 3,800 லிட்டர் ஹீலியம் வேண்டுமெனத் திட்டமிட்டனர். எடையோ 5,700 கிலோகிராம்! 1990களின் தொடக்கத்தில் பணம் சுருங்கிற்று. திட்டமே கைவிடப்படும் போலிருந்தது. 1993இல் கொலராடோவில் கூடிய ஆய்வாளர்களிடையே பிராங்க் லோ என்பவர் கூறிய யோசனையை நான் பெரிதும் வியக்கிறேன். கருவிகளை மட்டும் குடுவைக்குள் வைப்போம், தொலைநோக்கி வெளியே இருக்கட்டும், வெதுவெதுப்பாகவே ஏவுவோம், விண்வெளியின் குளிரே அதனைப் பெரும்பாலும் குளிர்விக்கும், எஞ்சிய வேலையை வெளியேறும் ஹீலிய ஆவி செய்துவிடும் என்பதே அது. கேட்டபின் எளிதாகத்தான் தோன்றுகிறது! பணம் தாராளமாகக் கிடைத்திருந்தால் அந்தப் பெருங்குடுவையே பறந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2003 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஸ்பிட்சர், ஏறத்தாழ 360 லிட்டரைக்கொண்டே ஐந்தரை ஆண்டுகளுக்குமேல் குளிர்ந்திருந்தது. 2009இல் ஹீலியம் தீர்ந்த பின்னரும், நிழலின் குளிரிலேயே 2020 ஜனவரிவரை பணியாற்றியது.

2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் ஹீலியக் குடுவையே இல்லை. டென்னிஸ் ஆடுகளம் அளவுள்ள ஐந்தடுக்கு மென்படலக் குடை ஒன்று கதிரவனை மறைக்கிறது. அதன் நிழலில் 6.5 மீட்டர் ஆடி தானே குளிர்கிறது. ஒரே ஒரு கருவிக்கு மட்டும் அக்குளிர் போதாது. அதற்கு −266 பாகை சென்டிகிரேட் அளவில் குளிர் வேண்டும். அதற்கென அமைந்த பொறியில் ஹீலிய வாயு, நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் வாயுவைப்போல, மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது; ஆவியாகி வெளியேறுவதில்லை.