ஒதுக்கி வைத்த செந்நிற மருந்து

மன்னர்களுக்கும் போர்களுக்கும் ஆண்டு குறித்து வைக்கும் நாம், மருந்துகளின் வரலாற்றை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நோய்க்கெனப் பிறந்து, அதில் தோற்று, வேறொரு நோயைத் தீர்த்துப் புகழ் எய்தி, அரை நூற்றாண்டிற்குப் பின் முதல் நோய்க்கே மீண்டும் அழைக்கப்பட்ட மருந்து ஒன்று உண்டு. குளோஃபாசிமின் என்னும் அம்மருந்தின் கதையையே இன்று கூற எடுத்துக்கொண்டேன்.

1954-ஆம் ஆண்டில், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், வின்சென்ட் பாரி என்னும் இரசாயன அறிஞரும் அவர் குழுவினரும் காசநோய்க்கு மருந்து தேடி வந்தனர். அவர்கள் ஆக்கிய பொருள்களுள் ஒன்று, சாயம் போன்ற செந்நிறமுடைய 'பி 663'. சுண்டெலிகளிடம் அது காசநோயை அடக்கியது. கினிப்பன்றிகளிடமோ பயன் தரவில்லை. அந்நாளில் காசநோய் ஆராய்ச்சிக்குக் கினிப்பன்றியே உரைகல். ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியாசிட் போன்ற மருந்துகளும் அப்போது கைவசம் இருந்தன. ஆகவே பி 663 ஒதுக்கப்பட்டது.

ஆயினும், காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்லவா? ஆப்பிரிக்காவில், நைஜீரிய நாட்டின் உசுவாகோலியில், ஸ்டான்லி பிரவுன் என்னும் மருத்துவர் அதனைத் தொழுநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்து, 1962-இல் நற்பயனை வெளியிட்டார். கிருமியை ஒடுக்கியதோடு, அந்நோயில் எழும் கடும் அழற்சியையும் அது தணித்தது. நோயாளியின் தோல் கருஞ்சிவப்பாக மாறுவது அதன் குறை. எனினும், டாப்சோன் மருந்துக்கு மட்டும் அடங்காத கிருமிகள் பெருகியபோது, 1981-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு வகுத்த கூட்டு மருந்து முறையில் இதுவும் இடம் பெற்றது.

இதற்கிடையில் காசநோய்க் கிருமியும் பழைய மருந்துகளை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது. அத்தகைய நோயாளர் ஏறத்தாழ இருபது மாதம் மருந்துண்ண வேண்டியிருந்தது. வங்கதேசத்தில், குளோஃபாசிமினுடன் வேறு பல மருந்துகளும் சேர்ந்த ஒன்பது மாத முறை ஒன்றைக் கையாண்டனர். 206 நோயாளருள் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பேர் நோய் திரும்பாமல் குணமடைந்தனர் என்று 2010-இல் அறிக்கை வெளிவந்தது. 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் இத்தகைய குறுகிய கால முறையைப் பரிந்துரைத்தது.

அங்ஙனமாயின் முதலில் அது தோற்றதேன்? வாய்வழியே கொடுத்த மருந்து கினிப்பன்றியின் உடலில் போதிய அளவு சேர்வதில்லை என்பது பின்னரே தெளிந்தது. குறை மருந்திலன்று, உரைகல்லில் இருந்தது!

பழைய மருந்தெல்லாம் புது நோயைத் தீர்க்கும் என்று இதனால் முடிவு கட்டலாகாது. ஒவ்வொன்றும் நோயாளரிடம் முறையாகச் சோதித்தே ஏற்கத் தக்கது. ஆனால், தோல்வியையும் செவ்வனே எழுதி வைத்த டப்ளின் அறிஞர்களின் குறிப்புகளே பின்வந்தோருக்கு வழி காட்டின. ஆய்வுக்கூடம் புகும் மாணவர்கள், கிடைக்காத விடையையும் ஏட்டில் எழுதப் பழகுதல் வேண்டும் என்பதே என் விருப்பம்.