பழைய திரைகளும் புதிய கணினியும்: மலையகத்து இணைப்பு மரபு பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை ஆராய்ந்தோர் குடிப்பெயர்வு, கங்காணி முறை, குடியுரிமைப் பறிப்பு, தொழிற்சங்க இயக்கம் ஆகியவற்றை விரிவாக நோக்கியுள்ளனர். அம்மக்கள் நாள்தோறும் கையாண்ட பொறிகளின் வரலாறோ தேயிலை உற்பத்தி பற்றிய நூல்களில் ஓர் அத்தியாயமாக ஒதுங்கிவிட்டது. அதிலும், பழைய பொறியொன்றைப் புதிய பொறியொன்றுடன் இணைத்து ஓடச்செய்யும் வேலை எவர் கணக்கிலும் எழுதப்படாத வேலையாகும். ஹற்றனுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து வாசிகசாலையில் அண்மையில் நேர்ந்த சிறு சிக்கல் ஒன்றே இதனைப் பற்றிச் சிந்திக்க என்னைத் தூண்டிற்று.

அவ்வாசிகசாலைக்குக் கொழும்பு அலுவலகமொன்று கழித்துவிட்ட நான்கு கணினித் திரைகள் நன்கொடையாக வந்து சேர்ந்தன. அன்பர் ஒருவர் புதிய சிறு கணினியொன்றை வாங்கியளித்தார். தடித்த புத்தகமொன்றின் அளவுகூட அது இல்லை. உயர்தர வகுப்பு மாணவர் சிலர் மலையகம் பற்றிய பழைய துண்டுப்பிரசுரங்களையும் சங்க மலர்களையும் தட்டச்சுச் செய்யத் தொடங்கியிருந்தனர். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்தில் இவற்றுட் பலவற்றின் பக்கப்படங்கள் கிடைக்கின்றன. ஒரு திரையிற் பழைய பக்கத்தின் படம், அடுத்ததில் தட்டச்சு, மூன்றாவதில் ஆட்பெயர், இடப்பெயர்ப் பட்டியல் என்பது அவர்களின் திட்டம். பழைய ஏட்டைப் படியெடுத்த எவரும் இதன் தேவையை உணர்வர். படத்தையும் எழுத்தையும் ஒரே திரையில் மாறி மாறிப் பார்த்தால் வரி தவறும், பெயர் பிழைக்கும். மலையகத்திற் பெயர்ப்பிழை சிறு பிழையன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டோர், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, இந்நாட்டில் வாழ்ந்ததற்கான சான்றுகளைத் தாமே காட்டவேண்டியிருந்தது. கங்காணி ஒருவிதமாகச் சொல்ல, எழுதுவினைஞர் இன்னொருவிதமாகப் பதிந்த பெயர்கள் அக்காலத்திற் குடும்பங்களின் தலைவிதியோடு விளையாடின.

கணினி வந்தது, திரைகளும் வந்தன, இரண்டும் பொருந்தவில்லை. திரைகளின் பின்னே பதினைந்து துளைகள் கொண்ட நீலநிற இணைப்பி இருந்தது. கணினியில் அப்படியொன்றைக் காணோம். நகரத்துக் கடையொன்றில் வாங்கிவந்த மாற்றியைப் பொருத்தியும் திரை இருண்டே கிடந்தது. திரைகள் பழுதென்று எண்ணிய ஒருவர் அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்றார். திரைகளில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை இடையிலே இருந்தது.

இதன் காரணத்தை அறிய இணைப்பியின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாள் கணினியின் திரைகள் ஒன்பது ஊசி இணைப்பியைக் கொண்டவை. ஒவ்வொரு கம்பியும் 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டில் ஒன்றை மட்டுமே சொன்னமையால் காட்டக்கூடிய நிறங்கள் மிகச் சிலவாயின. 1987இல் அதே நிறுவனம் வீ.ஜி.ஏ. என்னும் முறையைக் கொணர்ந்தது. இதிற் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் மூன்று கம்பிகளிற் செல்லும். ஒவ்வொன்றின் மின்னழுத்தமும் பூச்சியத்துக்கும் 0.7 வோல்ற்றுக்கும் இடையில் ஏறியிறங்குவதே நிறத்தின் அளவு. வரி எப்போது தொடங்குகிறது, பக்கம் எப்போது தொடங்குகிறது என்பதை வேறிரு கம்பிகள் அறிவிக்கும். கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரைக்கு இது இயல்பாகவே பொருந்திற்று. பின்னர் திரவப் பளிங்குத் திரைகள் வந்தபோதும் இவ்விணைப்பி மறையவில்லை. கணினி தன் இலக்கங்களை ஏறியிறங்கும் மின்னழுத்தமாக மாற்றி அனுப்ப, திரை அதனை மீண்டும் இலக்கங்களாக மாற்றிக்கொண்டது. வீண் சுற்றுத்தான். எனினும் யார் செய்த திரையும் யார் செய்த கணினியுடனும் சேர்ந்ததற்கு அந்த வீண் சுற்றே காரணமாயிற்று.

இதனைத் தவிர்க்கும் நோக்குடன் 1999இல் டீ.வி.ஐ. முறையும், 2002ஆம் ஆண்டின் இறுதியில் எச்.டி.எம்.ஐ. முறையும், 2006இல் டிஸ்பிளேபோர்ட் முறையும் தோன்றின. 2010ஆம் ஆண்டு திசெம்பரில் இன்ரெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சுங், எல்.ஜி. ஆகிய நிறுவனங்கள், 2015 அளவில் வீ.ஜி.ஏ. இணைப்பியைத் தம் உற்பத்திகளிலிருந்து நீக்கும் நோக்கத்தைக் கூட்டாக அறிவித்தன. தொழில்நுட்ப நோக்கில் அதிற் குறைகாண்பதற்கில்லை. ஆயின் புதியதை வாங்கக்கூடிய அலுவலகங்கள் கழித்த திரைகள் யாரிடம் சென்று சேரும் என்பது அவ்வறிவித்தலின் எல்லைக்கு அப்பாற்பட்ட வினா. அவற்றுட் சில ஹற்றன் மலைக்கு ஏறிவந்தன.

நலமாயிருக்கும் பழைய பொறி, இணைப்பு முறை மாறியதனால் மட்டும் பயனற்றுப்போதல் தவிர்க்கவியலாத விதி என்று எண்ணத் தோன்றும். இம்மலைகளின் தேயிலைத் தொழிற்சாலைகள் அதற்கு நேர்மாறான சான்றைத் தருகின்றன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்ததும், அதன்பின் தேயிலை மலையெங்கும் பரவியதும் யாவரும் அறிந்தவை. கையினால் உருட்டப்பட்ட கொழுந்தைப் பொறியினால் உருட்டும் காலம் விரைவில் வந்தது. வில்லியம் ஜாக்சன் வடிவமைத்து கெயின்ஸ்பரோ நகரின் மார்ஷல் நிறுவனத்தார் வார்த்த உருட்டுபொறிகளும், பெல்பாஸ்ற் நகரில் சாமுவேல் டேவிட்சன் நிறுவிய சிறொக்கோ தொழிலகத்தின் உலர்த்திகளும் கடல் கடந்து வந்தன. 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் புகைவண்டிப் பாதை எட்டியது. பாரமான வார்ப்பிரும்புப் பொறிகளை மலைக்கு ஏற்றும் வேலை அதன்பின் எளிதாயிற்று.

தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் அத்தொழிற்சாலையின் உள்ளே, கூரைக்குக் கீழ் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நீண்ட இரும்புத் தண்டொன்று சுழன்றுகொண்டிருக்கும். அதிற் பல கப்பிகள். ஒவ்வொரு கப்பியிலிருந்தும் ஒரு வார் இறங்கி ஓர் உருட்டுபொறியையோ சலிப்பானையோ உலர்த்தியின் காற்றாடியையோ சுழற்றும். தண்டின் ஒரு முனையை இயக்குவது ஒரேயோர் இயந்திரம். தொடக்கத்தில் அது நீர்ச்சக்கரமாகவோ நீராவி இயந்திரமாகவோ இருந்தது. பின்னர் நீர்ச்சுழலியாகவோ எண்ணெய் இயந்திரமாகவோ மாறிற்று. கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்டு, 2001இல் தேயிலை அரும்பொருட் காட்சியகமாகத் திறக்கப்பட்ட தொழிற்சாலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இத்தகைய இயந்திரங்களை இன்றும் காணலாம். நம் மாணவர் கண்டிக்குப் போகும் நாளில் ஒரு மணிநேரத்தை அங்கே செலவிடின் நட்டமில்லை.

இங்கு நோக்கற்பாலது யாதெனின், நீராவி இயந்திரம் போய் எண்ணெய் இயந்திரம் வந்தபோது உருட்டுபொறிகளை எவரும் மாற்றவில்லை என்பதே. கப்பியும் வாரும் எவருக்கும் தனியுரிமையான இணைப்பல்ல. ஒரு கப்பியின் விட்டத்தை மாற்றினால் வேகம் மாறும், அவ்வளவே கணக்கு. மின்னோடி வந்தபோதுதான் கணக்குச் சற்றுக் கடினமாயிற்று. நான்கு முனைவு மின்னோடி நம் மின்வழங்கலில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 முறை சுழலும். உருட்டுபொறிக்கு வேண்டியதோ நாற்பது, நாற்பத்தைந்து சுழற்சி. நேரடியாகப் பூட்டினால் கொழுந்து கூழாகிவிடும், பொறியும் தாங்காது. ஆகவே இடைத்தண்டு ஒன்றை நிறுத்தி, சிறு கப்பியிலிருந்து பெரிய கப்பிக்கும், அதிலிருந்து மீண்டும் பெரியதொன்றுக்கும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தனர். பற்சக்கரப் பெட்டிகளும் வந்தன. நமது வாசிகசாலைக்குத் தேவைப்பட்ட மாற்றி செய்யும் தொழிலும் இதுவே. இருபுறமும் நல்ல பொறிகள். ஒன்றின் நடையை மற்றதன் நடைக்கு இசையச் செய்யும் ஓர் இடைப்பொருள்.

அந்த மின்சாரத்தின் கதையும் இம்மலைகளின் கதையே. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர விளக்கியுரைத்தார். இலக்சபானத் திட்டத்தின் முதற்கட்டம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கமும் அதன் மின்நிலையமும் 1965இலும், பழைய மஸ்கெலியாவை நீருள் ஆழ்த்திய மவுசாகலைத் தேக்கம் 1969இலும் எழுந்தன. அதற்கு முன்னரே தோட்டங்கள் தம் ஓடைகளில் நூற்றுக்கணக்கான சிறு நீர்ச்சுழலிகளை நிறுவியிருந்தன. தேசிய மின்வலை வந்ததும் அவை பெரும்பாலும் கைவிடப்பட்டன. ஸ்டோருக்கு மின்சாரம் வந்து பல தசாப்தங்கள் சென்ற பின்னும், அதற்கு எதிரே நின்ற லயன்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்கம்பி போகாததற்குத் தூரத்தைக் காரணம் காட்ட முடியாது. இடையில் இருந்தது சில யார் நிலந்தான். இணைக்கவேண்டும் என்று எண்ணியவர் இல்லை.

இனி வாசிகசாலைக்குத் திரும்புவோம். கடையில் வாங்கிய மாற்றி பழுதானதன்று, அது எதிர்த்திசைக்குரியது. பழைய கணினியின் வீ.ஜி.ஏ. சைகையைப் புதிய திரைக்கு ஏற்றவாறு மாற்றுவது அதன் வேலை. எமக்கு வேண்டியது மறுதலையானது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாரை எந்தப் பக்கம் போட்டாலும் கப்பி சுற்றும். இம்மாற்றிகளோ ஒருவழிப் பாதைகள். இதைக் கண்டுபிடித்தவர் மாணவருள் ஒருவரே. பொதியின் மேலிருந்த எழுத்தில் எது முன், எது பின் என்பதை அவர்தான் கவனித்தார்.

சிறு கணினியில் எச்.டி.எம்.ஐ. துறை ஒன்றும் டிஸ்பிளேபோர்ட் துறை ஒன்றும் இருந்தன. திரைகளுள் ஒன்றில் வீ.ஜி.ஏ. இணைப்பியுடன் டீ.வி.ஐ. இணைப்பியும் இருந்தது. டீ.வி.ஐ.யும் எச்.டி.எம்.ஐ.யும் படத்தைப் பொறுத்தவரை ஒரே வகைச் சைகையைப் பேசுவன. எனவே வெறும் வடம் ஒன்றே அதற்குப் போதியதாயிற்று, மாற்றி வேண்டியிருக்கவில்லை. வீ.ஜி.ஏ. மட்டுமே கொண்ட இரண்டாவது திரைக்கு டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து செல்லும் மாற்றி வாங்கப்பட்டது. இலக்கத்தை மின்னழுத்தமாக்கும் சில்லு அதனுள்ளே உண்டு. மூன்றாவது திரைக்குத் துறை இல்லை. பிரிப்பான் வாங்கலாம் என்றார் ஒருவர். ஆனால் சாதாரண பிரிப்பான் ஒரே படத்தை இரு திரைகளிற் காட்டுமேயன்றி வெவ்வேறு படங்களைத் தராது. டிஸ்பிளேபோர்ட்டின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரே துறையிற் பல தனித்திரைகளுக்கு வழிசெய்துள்ளது எனினும், அதற்கான கருவியின் விலை எம் பழைய திரைகளின் பெறுமதியை மிஞ்சியது. முடிவில் யூ.எஸ்.பி. துறையிற் பொருத்தும் வீ.ஜி.ஏ. கருவியொன்றே கைகொடுத்தது. அசையும் படங்களுக்கு அது மந்தமானது. அசையாத பெயர்ப்பட்டியலுக்கு அதில் ஒரு குறையுமில்லை.

இன்னுமொரு தடை எஞ்சியிருந்தது. இரண்டாவது திரையில் எழுத்துகள் மங்கித் தெரிந்தன. மெய்யெழுத்தின் புள்ளி சில இடங்களிற் காணாமலே போயிற்று. படியெடுப்போருக்கு இதைவிடப் பெரிய இடர் வேறில்லை. 1994இல் வகுக்கப்பட்ட நியமமொன்றின்படி திரை தன் அளவுகளைத் தானே கணினிக்கு அறிவிக்கும்; அச்செய்தியைச் சுமக்கும் ஊசி பழைய வடத்தில் முறிந்திருந்தது. செய்தி கிடைக்காத கணினி 1024க்கு 768 என்னும் பொது அளவில் படத்தை அனுப்ப, 1280க்கு 1024 படப்புள்ளிகள் கொண்ட திரை அதனை இழுத்து நிரப்பியது. வடத்தை மாற்றி, அளவைத் திருத்தி, திரையிலிருந்த தன்னியக்கச் சீராக்கும் பொத்தானை அழுத்தியதும் புள்ளிகள் தத்தம் இடத்திற்கு வந்தன.

தேயிலைத் தொழிற்சாலைகளிற் கப்பியின் விட்டத்தைக் கணக்கிட்டவர், அறுந்த வாரைத் தைத்தவர், இடைத்தண்டின் தாங்கிக்கு எண்ணெயிட்டவர் ஆகியோரின் பெயர்களைத் தேடினால் எளிதிற் கிடைப்பதில்லை. பொறிகளின் மேல் மார்ஷல் என்னும் பெயர் வார்ப்பெழுத்தில் நிற்கிறது. வாசிகசாலை மாணவர் தட்டச்சு வேலையோடு சேர்த்து ஒரு குறிப்பேட்டையும் தொடங்கியுள்ளனர். எந்தத் திரை எந்தத் துறையில், எந்த மாற்றி எத்திசையில், யார் எந்நாளிற் பொருத்தினார் என்பன அதில் எழுதப்படுகின்றன. மாற்றிகளின் மேல் வெள்ளை ஒட்டுத்தாளில் அம்புக்குறியும் உண்டு.

நான்காவது திரை கதோட்டுக் கதிர்க் குழாய் வகையைச் சேர்ந்தது. அதையும் ஒளிரச்செய்யலாம், ஆனால் மேசை அதன் பாரத்தைத் தாங்காது. அதன் கண்ணாடியில் ஈயம் உண்டு. ஓடையிலோ தேயிலை மலையிலோ வீசமுடியாது. பொறுப்பாக எடுத்துச்செல்வோர் எவரும் இதுவரை வராததால், வாசிகசாலைக் கதவுக்குப் பின்னே சாக்கினால் மூடப்பட்டு அது இருக்கிறது.