மண் ஆட்டின் கயிறும் ஃபர்பியின் குரலும்

கொல்கத்தாவின் தென்மேற்கே, டயமண்ட் ஹார்பர் சாலை ஊடறுத்துச் செல்லும் பெஹாலாவில் மேற்கு வங்க மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அதன் சேகரிப்பில் சந்திரகேதுகரின் சுடுமண் பொருள்களும் அடங்கும். வடக்கு 24 பர்கனா மாவட்டத்தில், வித்யாதரி ஆற்றை ஒட்டி வளர்ந்த தொன்மையான நகரம் அது. 1950களின் நடுப்பகுதி முதல் 1960கள் வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகம் அங்கு அகழாய்வு நடத்தியது. அவ்வூருக்கு உலகப் புகழ் தேடித்தந்த சுடுமண் ஆக்கங்களுள், ஆட்டுக்கிடாய் வடிவில் அமைந்த சிறுதேர்களும் உண்டு. அவற்றின் வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள்.

அத்தேரின் அமைப்பு மிக எளியது. ஆட்டின் உடலில் குறுக்காக ஒரு துளை, அதில் அச்சு, அச்சின் இரு முனைகளிலும் மண் சக்கரங்கள். இழுத்தால் ஆடு நடக்கும், விட்டால் நிற்கும். அது கத்தவேண்டுமெனில் குழந்தைதான் கத்தவேண்டும். அதற்குப் பசிக்கிறதா, உறக்கம் வருகிறதா என்பதையும் குழந்தையே முடிவு செய்யும். சிந்துவெளி நகரங்களில் கிடைத்த, தலை அசையும் சுடுமண் காளைகளும் இவ்வகையினவே. தமிழ் மரபும் இதை நன்கறியும். பட்டினப்பாலை மூன்று சக்கரச் சிறுதேரைச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படை தச்சர் செய்தளித்த விளையாட்டுத் தேரைச் சொல்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமே சிறுதேர்ப் பருவம். இவை அனைத்திலும் பொம்மைக்கு உயிர் கொடுத்தது குழந்தையின் கை, கற்பனையும் குழந்தையினுடையதே.

விலங்கு தானே குரலெழுப்பினால் என்ன ஆகும்? இந்திய மண்ணில் இதற்கு ஒரு பெருஞ்சான்று திப்பு சுல்தானின் மரப்புலி. ஐரோப்பியன் ஒருவன்மீது பாய்ந்து நிற்கும் அப்புலியின் கைப்பிடியைச் சுழற்றினால், உள்ளே இருக்கும் துருத்திகள் புலியின் உறுமலையும் மனிதனின் ஓலத்தையும் எழுப்பும். வீழ்ந்தவனின் கையும் ஏறியிறங்கும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைப்பற்றிய அது, இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. குழந்தைக்கென ஆக்கப்பட்டதன்று எனினும், குரலுடைய இயந்திர விலங்கு அது. ஆனால் அதன் கைப்பிடியும் மனிதன் கையிலேயே இருந்தது.

கைப்பிடி மறைந்தது மின்னணுவியலின் வருகைக்குப் பின்னர். 1948, 1949 ஆண்டுகளில் பிரிஸ்டல் நகரில் நரம்பியல் அறிஞர் கிரே வால்டர், எல்மர், எல்சி என்னும் இரு மின்னணு ஆமைகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் இரண்டே வெற்றிடக் குழல்கள். ஓர் ஒளி உணரி. ஓட்டில் ஒரு தொடு உணரி. அவை வெளிச்சத்தை நாடிச் சென்றன. தடையில் மோதினால் விலகின. இத்துணைச் சிறிய அமைப்பே, காண்போர் கண்ணில் விருப்பும் வெறுப்பும் உடைய உயிராகத் தோன்றியது. உயிர் என்னும் தோற்றத்துக்கு மிகக் குறைந்த கருவியே போதும் என்பதே அவ்வாமைகள் தந்த பாடம்.

அப்பாடத்தை விளையாட்டுக் கடைக்குக் கொண்டு சென்றவர்கள் டேவ் ஹாம்ப்டனும் கேலப் சுங்கும். 1996இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகோச்சியைக் கண்ட ஹாம்ப்டன், அதைத் தடவிக்கொடுக்க முடியவில்லையே எனக் குறைபட்டார். அக்குறையிலிருந்து பிறந்ததே, 1998இல் டைகர் எலக்ட்ரானிக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபர்பி. மென்மயிர் போர்த்த, ஆந்தை போன்ற அச்சிறு பொம்மையின் கண், காது, வாய் அனைத்தையும் ஒரே மோட்டார் அசைத்தது. தடவினால் மகிழ்ந்தது, கவிழ்த்தால் அஞ்சியது. தன் மழலையில் தொடங்கி, நாளடைவில் ஆங்கிலம் பேசியது. அது குழந்தையிடமிருந்து கற்றுக்கொண்டதாகப் பலர் நம்பினர். உண்மையில் சொற்கள் அனைத்தும் முன்பே உள்ளே பதிக்கப்பட்டிருந்தன. நாள் செல்லச்செல்ல அவை வெளிப்பட்டன, அவ்வளவே.

அந்நம்பிக்கையின் ஆழத்தை அளக்க, எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ரீடம் பேர்ட் ஓர் எளிய வழியை முன்வைத்தார். பார்பி பொம்மை, ஃபர்பி, உயிருள்ள ஒரு சிறு கொறிவிலங்கு ஆகிய மூன்றையும் ஒருவர் எவ்வளவு நேரம் தலைகீழாகப் பிடித்திருப்பார்? பின்னர் குழந்தைகளைக் கொண்டு இது செய்து பார்க்கப்பட்டபோது, பார்பியைக் கை வலிக்கும்வரை பிடித்திருந்தனர். உயிருள்ளதை உடனே நிமிர்த்தினர். ஃபர்பி இரண்டுக்கும் இடையே நின்றது. அது பொம்மை என்று அறிந்திருந்தும், அதன் அச்சக்குரலைக் கேட்டு அவர்களால் சும்மா இருக்க இயலவில்லை. அங்கு சோதிக்கப்பட்டது பொம்மையன்று, குழந்தையின் இரக்கம்.

அந்த இரக்கத்தின் வழியே எதை வேண்டுமானாலும் பெறலாம் என்பதே இவ்வரலாற்றின் கவலைக்குரிய பகுதி. 1999 ஜனவரியில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, பேச்சைப் பதிவுசெய்யும் என்றஞ்சி ஃபர்பியைத் தன் வளாகத்துள் தடைசெய்த செய்தி வெளியாயிற்று. ஃபர்பிக்கு அத்திறனே இல்லை, உலகம் நகைத்தது. ஆனால் 2017 பிப்ரவரியில் அந்நகைப்பு நின்றது. இணையத்தோடு இணைந்த கிளவுட்பெட்ஸ் என்னும் மென்விலங்குப் பொம்மைகளின் தரவுத்தளம் காவலின்றித் திறந்து கிடந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்கு விவரங்கள் கசிந்தன. பெற்றோரும் குழந்தைகளும் ஒருவருக்கொருவர் அனுப்பிய 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குரற்பதிவுகள் பிறர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தன.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. கூர்முனை, நச்சுப்பூச்சு, மின்கசிவு போன்ற உடற்தீங்குகளிலிருந்து காப்பது அதன் நோக்கம். குரல் எங்கே செல்கிறது என்பது வேறு வினா. 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஆயினும் ஒப்புதல் தரும் பெற்றோர் முதலில் சோதித்துப் பார்க்கவேண்டியவை சில உண்டு. இணையத்தைத் துண்டித்தால் அவ்விலங்கு விளையாடுகிறதா? அதில் ஒலிவாங்கி உள்ளதா? அணைக்கும் விசை உள்ளதா? பதிந்த குரலை அழிக்க முடிகிறதா?

சந்திரகேதுகரின் குழந்தைக்கு இவ்வினாக்கள் தேவைப்படவில்லை. மண் ஆட்டின் கயிற்றுக்கு ஒரு முனை பொம்மையில். மறுமுனை அக்குழந்தையின் கையில். இன்றைய விலங்கும் குழந்தையின் அன்பையே நாடி வருகிறது. அதன் கயிறு மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் மறுமுனை எவர் கையில் உள்ளது எனக் கண்டறிவது பெரியவர் கடன்.