எல்லாம் ஏன் ரெண்டெழுத்து?

மைசூருக்கு மென்பொருள் பயிற்சிக்கு வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கணக்குத் தொடங்க எங்கள் கிளைக்கு வருவதுண்டு. தமிழ் காதில் விழுந்தால் உட்கார்ந்து பேசுவார்கள். போன மாதம் ஒரு பெண், "லினக்ஸ்ல எல்லாமே ரெண்டெழுத்துக் கட்டளை சார், மனசுல நிக்கலை" என்று புலம்பியது. பி.காம் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா என்று நினைக்காதீர்கள். வங்கிக்காரனுக்கும் கறுப்புத் திரைக்கும் உள்ள உறவு லினக்ஸை விடப் பழசு.

1969ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது பலரும் தட்டியது டெலிடைப் இயந்திரத்தில். நொடிக்குப் பத்து எழுத்து, அதுவும் காகிதத்தில். ஒவ்வொரு விசையும் முரண்டு பிடிக்கும். அப்புறம் 'காப்பி' எப்படி 'சிபி' ஆகாமல் இருக்கும்? வேலை ஒழுங்காக முடிந்தால் யூனிக்ஸ் வாயே திறக்காது, காகிதம் மிச்சம்.

எனக்குப் பிடித்தது 1973ல் வந்த பைப். டக் மெக்கில்ராயின் யோசனை. காசோலையை கிளார்க் பதிவார், ஆபீசர் பாஸ் செய்வார், கேஷியர் பணம் தருவார். அதேதான்! 'கிரெப்' தேடியதை 'சார்ட்' வரிசைப்படுத்தும், அதை இன்னொன்று எண்ணும். ஒரே வரியில் மூன்று மேசை.

பழைய கட்டளையை மறுபடி அழைக்கும் வசதி எழுபதுகளின் கடைசியில் பில் ஜாயின் சி ஷெல்லில் வந்தது. இன்று லினக்ஸில் பரவலாக இருக்கும் பாஷ், 1989ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது. அதில் கண்ட்ரோல்-ஆர் அழுத்தி மூன்றெழுத்துத் தட்டினால் போன வாரம் அடித்த நீளக் கட்டளை வந்து நிற்கும். இதை மட்டும் பழகினாலே பாதி வேலை மிச்சம்.

நம் வங்கிகளுக்கு வருவோம். 1983ல் கணினி பற்றி ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம்; 1984ல் சி.ரங்கராஜன் குழு அறிக்கை. பிறகு வாங்கிய கணினிகளில் யூனிக்ஸ் பரவியது. வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் சங்கங்கள் எதிர்த்தன. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. 2000-01 விருப்ப ஓய்வில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் பொதுத்துறை வங்கிகளை விட்டுப் போனார்கள்.

நான் 2003ல் சேர்ந்த கிளையில் ஒரு சீனியர் கிளார்க். கம்ப்யூட்டர் எதிர்ப்பு ஊர்வலத்தில் கொடி பிடித்தவர். பாஸ்புக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் மெனு எண்களைத் தட்டுவார், வரிசை கரைந்துவிடும். பிற்பாடு மௌஸ் வைத்த திரை வந்தபோது அதை எதிர்த்து முதல் குரல் கொடுத்தவரும் அவர்தான் :-)