கமுதி வழக்கும் பிறப்பின் கணக்கும்

1897ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி, கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து, அர்ச்சகர் துணையின்றித் தாங்களே வழிபாடு நடத்தினார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. லண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலும் 1908இல் அதையே நிலைநிறுத்தியது. இந்தத் தீர்ப்புகளை ஒரு பாடநூல் கருத்தோடு வைத்துப் பார்க்கலாம். சமூகவியல் பாடநூல்கள் மனிதரின் தகுதியை இரண்டாகப் பிரிக்கின்றன: பிறப்பால் வாய்ப்பது ஒன்று, முயற்சியால் ஈட்டுவது மற்றொன்று. அமெரிக்க மானிடவியலாளர் ரால்ஃப் லிண்டன் 1936இல் வெளியிட்ட நூலால் இந்தப் பிரிப்பு உலகெங்கும் பரவியது. படிக்கும்போது இரண்டும் தனித்தனிப் பாதைகள் போலத் தோன்றும். கமுதி வழக்கைப் பார்த்தால் அப்படியில்லை என்பது விளங்கும். ஈட்டிய தகுதி எவ்வளவு பெரிதானாலும், அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் இடத்தில் பிறப்பே உட்கார்ந்திருந்தது.

நாடார்கள் ஈட்டியது சிறிதன்று. திருநெல்வேலியின் செம்மண் தேரிகளில் பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிய குடிகள் அவர்கள். அவர்களில் வணிகத்தில் இறங்கியவர்கள் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து சாலைகளில் அச்சம் நீங்கியபின் மாட்டுவண்டிகளோடு வடக்கே நகர்ந்தார்கள். விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி என ஆறு ஊர்களில் பேட்டை அமைத்து, சரக்கையும் மாட்டையும் மதிலுக்குள் பாதுகாத்தார்கள். விற்பனையாகும் சரக்கின்மீது மகமை பிரித்து, உறவின்முறை என்ற தங்கள் சமூக அமைப்பின் பொதுநிதியில் சேர்த்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து, அதைக் கொண்டு 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை எழுப்பினார்கள். தனிமனித உழைப்பு மட்டுமே தகுதி தரும் என்பவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரு சமையற்கட்டில் ஒதுக்கிய கைப்பிடி அரிசியால் பள்ளி வராது. ஊர் முழுக்க ஒதுக்கியதால் வந்தது. கூட்டாக ஈட்டுவதற்கென்றே ஓர் அமைப்பை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள்.

இத்தனையும் நீதிமன்றத்தில் கணக்கில் வரவில்லை. வழக்கை நடத்தப் பணம் உதவியது. சாட்சிக் கூண்டில் அதற்கு இடமில்லை. அங்கே எழுந்த கேள்விகள் வேறு: வழிவழியாக இவர்கள் தொழில் எது, கோயிலுக்குள் எதுவரை செல்லும் வழக்கம் இருந்தது? வழக்கம் பிறப்பை ஒட்டியே இருந்தது. ஆங்கிலச் சட்டம் அந்த வழக்கத்துக்குக் காவல் நின்றது. நடுவே பாஸ்கர சேதுபதி சமரசத்துக்கு இசைந்தபோது, வழக்கத்துக்கு மாறானவர்களை உள்ளே விடுவது அறங்காவலர் தம் கடமையை மீறுவதாகும் என்று அந்த உடன்பாட்டையும் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. கதவைத் திறக்கச் சாவி வைத்திருந்தவரே இசைந்தும் கதவு திறக்கவில்லை. பிறப்புத் தகுதி மேல்சாதியார் மனத்தில் இருந்த வெறுப்பு மட்டுமன்று, எவர் ஒருவர் மனமாற்றத்தாலும் அசையாதபடி சட்டத்தில் கட்டப்பட்ட ஏற்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். மதுரைத் தீர்ப்பு வந்த அதே 1899இல், கோயில் நுழைவுப் பூசலின் தொடர்ச்சியாகச் சிவகாசி தாக்கப்பட்டு வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின.

நாடார்களும் பிறப்பைத்தானே நம்பினார்கள், தாங்கள் சத்திரியர் என்றும் பாண்டியர் வழியினர் என்றும்தானே வாதாடினார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பூணூல் அணிந்ததும், பள்ளிக்கே சத்திரியப் பெயர் வைத்ததும் உண்மை. மேல்சாதியாரின் வழக்கங்களைக் கைக்கொண்டு உயர முயல்வதை, சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1952இல் சமஸ்கிருதமயமாதல் என்று விளக்கிய போக்கு இதில் அப்படியே தெரிகிறது. ஆனால் 'எங்கள் உழைப்பைப் பாருங்கள்' என்ற முறையீட்டுக்குக் காதுகொடுக்க மன்றமே இல்லாத காலத்தில், ஈட்டியதைப் பிறப்பின் மொழியில் சொல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி எது? அதற்கு அவர்கள் கொடுத்த விலைதான் என்னை உறுத்துகிறது. பனையேறும் சொந்தக் குடிகளிடமிருந்தும், தமக்குக் கீழாக வைக்கப்பட்டவர்களிடமிருந்தும் தாங்கள் வேறு என்று சொன்னால்தான் அந்த வாதம் நிற்கும். விலையையும் கொடுத்து, வழக்கிலும் தோற்றார்கள்.

கடைசியில் பணம்தானே வென்றது என்பது இன்னொரு மறுப்பு. பணம் 1897இலும் இருந்தது. அதற்குப் பின் புதிதாக வந்தவை வேறு. 1910இல் பொறையாற்றில் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. அதே ஆண்டு அரசு ஆவணங்களில் 'சாணார்' என்ற பெயர் நீங்கி 'நாடார்' இடம்பெற்றது. இவற்றைவிட முக்கியமானது சுயமரியாதை இயக்கத்தோடு ஏற்பட்ட உறவு. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நாடார் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிபோகும் என்று ஆணையிட்டவர் அவர். ஈட்டிய பதவியைக் கொண்டு தன் பிறப்பை உயர்த்திக் காட்டாமல், பிறப்பை அளவுகோலாகக் கொள்ளும் முறையையே அவர் எதிர்த்தார்.

1939 ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். அதில் தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் இருந்தார்கள். உள்ளே போனவர்கள்மீது வழக்குப் பாயாதபடி இராஜாஜி அரசு சட்டப் பாதுகாப்புத் தந்தது. கமுதியில் மற்றவர்களிலிருந்து தாங்கள் வேறு என்று வாதாடித் திறக்க முடியாத கதவு, மதுரையில் அந்த மற்றவர்களோடு சேர்ந்து நடந்தபோது திறந்தது. அந்த ஐவரும் எந்த அரச வம்சத்தையும் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கவில்லை.