‘பாயிண்ட் ஒன்’ வரட்டும்!

இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழுத் தம்பிகள் இருவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கொண்டு வந்த லேப்டாப்பில் மலரின் பக்கங்களைக் காட்டிக் கொண்டிருக்கும்போதே மென்பொருள் டக்கென்று மூடிக் கொண்டது. எனக்குப் பகீர் என்றது. தம்பியோ பதறவே இல்லை. மறுபடி திறந்தார். விட்ட இடத்திலேயே பக்கம் வந்து நின்றது. “அதுவா வந்துரும் சார்” என்றார். அந்த ‘அதுவா வந்துரும்’ என்பது வந்து சேர ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. அந்தக் கதையையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் நாளில் அதுவாக எதுவும் வராது. தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி ஆண்டு மலருக்காக டி.டி.பி. சென்டரில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தவர்களில் அடியேனும் ஒருவன். வகுப்புத் தோழன் ஒருவன் ஓய்வு பெறவிருந்த எங்கள் லேப் அட்டெண்டரைப் பற்றி ஒரு கட்டுரை தருவதாகச் சொல்லியிருந்தான். எழுதிக் கொண்டு வரவில்லை. ஆபரேட்டர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல, அவர் அடித்துக் கொண்டே போனார். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. பதினோரு மணிக்குத் திரை அப்படியே நின்றுவிட்டது. மவுஸ் நகரவில்லை. “சேவ் பண்ணீங்களா அக்கா?” என்று கேட்டதற்குப் பதில் இல்லை. காலையில் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் போட்டோம். “போடா, வந்தது போச்சு” என்று தோழன் சிரித்துவிட்டான். இரண்டாம் முறை அவன் அதைச் சொல்லவேயில்லை. இப்போது அவனும் இல்லை.

எந்த மென்பொருள் என்று எழுதப் போவதில்லை. குற்றம் அதனுடையதுதானா என்பதே அன்று யாருக்கும் தெரியாது. மென்பொருளா, விண்டோஸா, எழுத்துருவா, பிரிண்டர் டிரைவரா? ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். இந்த வரலாற்றின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

1984-ல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் வந்தது. முதல் பெட்டியின் நினைவகம் 128 கே.பி. மென்பொருள் விழுந்தால் திரையில் ஒரு வெடிகுண்டுப் படம் வரும், திரி பற்றிய குண்டு! அதை வரைந்த சூசன் கேர், அந்தப் படம் யார் கண்ணிலும் அநேகமாகப் படாது என்றுதான் தமக்குச் சொல்லப்பட்டதாகப் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். படாமல் இருக்குமா? கம்ப்யூட்டர் வெடித்துவிடுமோ என்று பயந்து போன் செய்தவர்களும் உண்டாம்.

குண்டு ஏன் வெடித்தது? அந்தக் காலத்து மெக்கில் நிரலுக்கும் நிரலுக்கும் நடுவே சுவர் கிடையாது. நம் விடுதியில் முதலாண்டு மாணவர்களை ஒரே ஹாலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்க வைப்பார்களே, அந்த மாதிரி. ஒருவன் தூக்கத்தில் பானையை உதைத்தால் எல்லார் பாயும் நனையும். ஒரு நிரல் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தில் எதையாவது எழுதிவிட்டால், பக்கத்து நிரல் மட்டுமல்ல, இயங்குதளமே சாயும். 1987-க்குப் பிறகு பல நிரல்களைச் சேர்த்து ஓட்ட வழி வந்தது. அப்போதும் எந்த நிரலுக்கு எத்தனை கே.பி. என்று உபயோகிப்பவரே ஒரு பெட்டியில் எண் போட்டு ஒதுக்க வேண்டும். குறைத்துப் போட்டால் நிரல் விழும், கூட்டிப் போட்டால் மற்றதற்கு இடமிராது.

இந்த ஹாலுக்குள்தான் 1985 ஜூலையில் பால் பிரெய்னர்டின் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரைக் கொண்டு வந்தது. ‘டெஸ்க்டாப் பப்ளிஷிங்’ என்ற பெயரே அவர் சூட்டியதுதான். அதே ஆண்டு வந்த லேசர்ரைட்டர் பிரிண்டரும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் இல்லாவிட்டால் டி.டி.பி.யே இல்லை. வேடிக்கை என்னவென்றால் பிரிண்டருக்குள் இருந்த நினைவகம் 1.5 எம்.பி. அதற்கு வேலை கொடுத்த கம்ப்யூட்டரில் இருந்ததைவிட அது அதிகம்! அப்படியும் பிரிண்டர் மக்கர் செய்யும். திரையில் அழகாகத் தெரியும் படம், பேப்பரில் வராது. ஒரே கோட்டில் வளைவுப் புள்ளிகள் அளவுக்கு மீறிப் போனால் ‘லிமிட்செக்’ என்று ஒரு பிழை சொல்லிவிட்டுப் பிரிண்டர் நின்றுகொள்ளும். போஸ்ட்ஸ்கிரிப்டின் முதல் நிலையில் அந்த வரம்பு 1500 புள்ளிகள். சுழியும் வளைவுமாகக் கோலம் போட்டவர்கள் அந்தக் கோலத்தை நாலாக வெட்டி அனுப்பித் தப்பித்தார்கள். 1991-ல் வந்த இரண்டாம் நிலையில் நினைவகத்தைத் தேவைக்கேற்பப் பகிர்ந்து கொள்ள வழி செய்து அந்தச் சிக்கலைத் தணித்தார்கள். கவனியுங்கள், படம் வரையும் மென்பொருளில் ஒரு வரி மாற்றவில்லை. வைத்தியம் நடந்தது பிரிண்டருக்குள்.

விண்டோஸ் பக்கம் வருவோம். நம்மில் பெரும்பாலோர் அடிபட்டது அங்கேதான். 1990 மே மாதம் விண்டோஸ் 3.0 வந்தது. நிரல் அத்துமீறினால் ‘மீட்க முடியாத பிழை’ என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வரும். அதில் ஒரே ஒரு ஓகே பொத்தான். மீட்க முடியாததற்கு ஓகே சொல்ல வேண்டுமாம்! 1992-ல் 3.1 வந்தபோது அந்தப் பெயர் மறைந்து ‘ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட்’ ஆயிற்று. பெயரை மட்டும் மாற்றினார்கள் என்று கேலி பேசினோம். அது முழு நியாயமல்ல. உள்ளே உண்மையிலேயே பல சோதனைகளைச் சேர்த்திருந்தார்கள்.

ஆனால் படம் வரையும் மென்பொருள்களை வாட்டிய வியாதி வேறு. திரையில் கோடு, வண்ணம், எழுத்து எல்லாவற்றையும் வரைந்து தருகிற பகுதிக்கு ஜி.டி.ஐ. என்று பெயர். பேனாவும் தூரிகையும் எழுத்துருவும் அதனிடம் இரவல் வாங்கித்தான் எந்த நிரலும் வரைய வேண்டும். இந்த இரவல் சாமான்களுக்கான கணக்குகளை வைத்துக்கொள்ள ஜி.டி.ஐ.க்கு இருந்த இடம் 64 கே.பி. மட்டுமே. கம்ப்யூட்டரில் நீங்கள் 8 எம்.பி. போட்டாலும் சரி, 16 போட்டாலும் சரி, அந்த அலமாரி 64 கே.பி.தான். வாங்கிய தூரிகையைத் திருப்பித் தர ஒரு நிரல் மறந்தால், அது அலமாரியில் இடத்தை அடைத்துக் கொண்டே கிடக்கும். காலையில் நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் மாலையில் ‘நினைவகம் போதாது’ என்று அழும். “ரேம் பத்தலை சார், போடுங்க” என்று கடைக்காரர் சொல்வார். போட்டும் தீராது. ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். எங்கள் டி.டி.பி. அக்கா மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது பெட்டியை அணைத்துவிட்டுப் போவார். மின்சாரச் சிக்கனம் என்று நினைத்தோம். வைத்தியம் என்பது பின்னால்தான் புரிந்தது.

இந்த ஓட்டைகளை அடைக்க நிறுவனங்கள் செய்தது ‘பாயிண்ட்’ பதிப்புகளை வெளியிடுவது. புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண் மாறினால் புதுச் சரக்கு, புள்ளிக்குப் பின்னால் மாறினால் ரிப்பேர் என்பது பொதுவான கணக்கு. கனடாவின் கோரல் நிறுவனம் 1989-ல் கோரல் டிராவைத் தொடங்கி, 1992-ல் 3, 93-ல் 4, 94-ல் 5, 95-ல் 6 என்று வருஷத்துக்கு ஒன்றாக இறக்கியது. அந்த வேகத்தில் வந்தால் எது முழுசாக வெந்திருக்கும்? ‘புதுசு வந்தாச்சா? பாயிண்ட் ஒன் வரட்டும், பார்க்கலாம்’ என்பது தொழில் தெரிந்தவர்களின் வேதவாக்காயிற்று. திருத்தம் பிளாப்பியில் தபால் மூலம், பதிவு செய்த வாடிக்கையாளருக்கு வரும். பதிவு செய்த பிரதி அன்று எத்தனை கடைகளில் இருந்தது என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஓசியில் வாங்கியவனுக்கு ஓட்டையும் சேர்ந்து ஓசி. அவ்வளவுதான்.

திருத்தம் வராதவர்களைக் கைவிடாமல் இருந்தது பேஜ்மேக்கர் என்றால் மிகையாகாது. பக்கம் மாற்றினாலே தன்னிஷ்டத்துக்கு ஒரு ‘மினி சேவ்’ செய்து வைத்துக்கொள்ளும். ஷிஃப்ட் விசையோடு ‘ரிவர்ட்’ கொடுத்தால் அந்த இடத்துக்குத் திரும்பலாம். ஃபைல் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், சில விசைகளை அழுத்திக் கொண்டு ஹைபனேஷன் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அது ஆவணம் முழுவதையும் சோதித்துவிட்டுக் குரல் கொடுக்கும். ஒரு பீப் வந்தால் கோளாறில்லை. இரண்டு வந்தால் கோளாறு இருந்தது, சரி செய்துவிட்டேன். மூன்று வந்தால் என்னால் ஆகாது. மூன்றாவது பீப் வரக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக் கொண்டு நின்றவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். இன்னொன்று, ‘சேவ்’ என்றால் மாற்றங்களை ஃபைலின் வாலில் ஒட்டிக்கொண்டே போகும். ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால்தான் முழுவதையும் புதிதாக எழுதும். அதனால் ஃபைல் இளைக்கும், பல சமயம் நோயும் தீரும்.

அடித்தளமே மாறியது 2001-ல். ஆப்பிள் 1994-ல் அறிவித்த ‘கோப்லண்ட்’ என்ற புது இயங்குதளத்தை 1996-ல் கைவிட்டு, நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கி, அதன் மேல் கட்டிய மேக் ஓ.எஸ். 10-ஐ 2001 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்து, 1993 முதல் என்.டி.யில் இருந்த உறுதியை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தது. இரண்டிலும் நிரலுக்கு நிரல் சுவர் எழுந்தது. ஒருவன் பானையை உதைத்தால் அவன் பாய் மட்டும் நனையும். ஆனால் இந்தச் சுவர் வேண்டுமானால் மென்பொருள்காரர்கள் புது வீட்டுக்குக் குடி வர வேண்டுமே? இன்டிசைன் 2002 ஜனவரியிலும், ஃபோட்டோஷாப் அதே ஆண்டிலும் மேக் ஓ.எஸ். 10-க்கு வந்துவிட்டன. பக்க வடிவமைப்பில் முடிசூடா மன்னனாக இருந்த குவார்க் எக்ஸ்பிரஸ் 2003-ல்தான் வந்து சேர்ந்தது. அந்தத் தாமதத்துக்கு அது கொடுத்த விலை சிறிதல்ல. சந்தை கைமாறியதற்கு விலை, சேவைக் குறை என்று வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இதை நான் முதலில் வைப்பேன்.

சுவரைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொன்று. முன்பெல்லாம் நிரல் விழுந்தால் அந்தச் செய்தி அந்த அறையோடு போச்சு. யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள்? எக்ஸ்.பி. காலத்தில் ‘இந்தப் பிழையைப் பற்றி அறிக்கை அனுப்பவா?’ என்று கேட்கும் பெட்டி வந்தது. விழுந்த நொடியில் எந்த வரி ஓடிக் கொண்டிருந்தது என்ற தடயம் இணையம் வழியாகப் போய்ச் சேரும். குவிந்த அறிக்கைகளைப் பார்த்துவிட்டு மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் 2002-ல் எழுதினார். ஐந்தில் ஒரு பங்கு ஓட்டைகள்தான் 80 சதவீதப் பிழைகளுக்குக் காரணமாம். அதிலும் வெறும் ஒரு சதவீத ஓட்டைகளால் பாதிப் பிழைகளாம். எதை முதலில் அடைப்பது என்பது அப்போதுதான் கணக்காகத் தெரிந்தது. குற்றவாளி மென்பொருளா, டிரைவரா, எழுத்துருவா என்ற பழைய சண்டைக்கும் ஒரு சாட்சி கிடைத்தது.

அத்தோடு எல்லாம் சுபம் என்றில்லை. 2008-ல் ஃபோட்டோஷாப் திரையில் படம் காட்டும் வேலையை கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கத் தொடங்கியதும், கார்டின் டிரைவர் புதுக் குற்றவாளியாகச் சேர்ந்தது. பின்னணியில் தானே சேவ் செய்யும் வசதி அதற்கு 2012-ல்தான் வந்தது. இன்டிசைன் ஃபைல் முரண்டு பிடித்தால், ஐ.டி.எம்.எல். என்ற வடிவில் வெளியே எடுத்து மறுபடி திறக்கிறார்கள். நம் பழைய ‘சேவ் ஆஸ்’ கஷாயம்தான், புட்டி புதுசு.

மருந்தே விஷமானதும் உண்டு. 2016 பிப்ரவரியில் அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் நிர்வாக நிரலுக்கு வந்த ஒரு அப்டேட், மெக் கணினிகளின் வேர் அடைவில் அகர வரிசைப்படி எந்தக் கோப்புறை முதலில் நின்றதோ அதில் இருந்ததை அழித்தது. பெயர் முதலில் வந்ததைத் தவிர அந்தக் கோப்புறை ஒரு பாவமும் செய்யவில்லை. அவசரமாக நிறுத்தித் திருத்தினார்கள். 2020 ஆகஸ்டில் ஐபோனுக்கான லைட்ரூம் 5.4 வந்தது. கிளவுடில் ஏற்றி வைக்காதவர்களின் படங்கள் அந்த அப்டேட்டோடு போயின. 5.4.1 விரைந்து வந்தது. அது இனிமேல் நடக்காமல் தடுத்தது. போன படங்கள் போனதுதான். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இதையெல்லாம் தம்பிகளிடம் சொல்லி, “உங்க மென்பொருளுக்கும் அப்டேட் வந்து நிக்குதே, போடலையா?” என்று கேட்டேன். திரை மூலையில் சிவப்புப் புள்ளி தெரிந்தது.

“மலர் அச்சுக்குப் போற வரைக்கும் தொட மாட்டோம் சார். ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணி வச்சிருக்கோம்” என்றார் தம்பி. பிறகு, இந்தக் கட்டுரையைக் கையால் எழுதித் தருவேனா, டைப் செய்து அனுப்புவேனா என்று கேட்டார். கையால்தான் என்றேன். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.